ஒரு முடிச்சு முன்னால் இறங்கினோம்

எனக்கு எண்பத்தெட்டு வயது. ஏழு பேரை வளர்த்தேன். ஆறு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள். இன்னொருத்தி என் தங்கை. அம்மா செத்தபோது அவளுக்கு ஐந்து வயது, எனக்கு ஒன்பது. இரண்டாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு அவளை இடுப்பில் தூக்கினேன். அதனால் நிற்கிற எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசிப்பேன், டி.வி.யில் ஓடுகிற எழுத்தை வாசிக்க வராது. இதையும் நானேதான் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆகிறது. ஆகட்டும், எனக்கு என்ன அவசரம்.

எழுத வைத்தவள் என் தங்கையின் பேத்தி. எனக்கும் பேத்திதான். கேளம்பாக்கத்தில் அடுக்குமாடியில் இருந்துகொண்டு கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறாள். போன மாதம் வந்தவள் போனை என் மடியில் வைத்து, "ஆயா, இங்க பாரு. ஜப்பான் போறோம். கைடு கிடையாது. ஊரு முழுக்க ரயிலு, நாங்களே பிளான் பண்ணிக்கினு சுத்தப் போறோம்" என்றாள். பார்த்தேன். சிக்குக் கோலத்தை ஏழெட்டு நிறத்தில் அவிழ்த்துவிட்டதுபோல் கோடு கோடாக இருந்தது. அதில் பச்சையாக ஒரு வட்டம். அந்த ரயிலில் ஏறினால் சுற்றிச் சுற்றி ஏறிய இடத்துக்கே வந்துவிடலாமாம். ரயில் நிமிஷம் தவறாதாம். யாரும் சத்தமாகப் பேச மாட்டார்களாம். குப்பையை அவரவர் பையிலேயே போட்டுக்கொண்டு வந்துவிட வேண்டுமாம்.

"தப்பான ஸ்டேஷன்ல எறங்கிட்டா?" என்று கேட்டேன்.

"எப்பிடி எறங்குவோம்? போன் சொல்லும் ஆயா. நீ எங்கயாவது இப்பிடித் தனியா பிளான் பண்ணிப் போயிருக்கியா? அதெல்லாம் தெரியாது உனக்கு" என்றாள்.

எனக்குத் தெரியாதாம்! பயணம் என்ற சொல்லைக் கேட்டாலே நான் இன்றைக்கும் முகத்தைச் சுளிப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

அது அம்பதுகளின் கடைசி. மாமல்லபுரத்துக்கு வடக்கே, கால்வாய் ஓரத்தில் எங்கள் குடிசை. என் வீட்டுக்காரருக்குத் தோணி வேலை. சவுக்கு விறகை ஏற்றிக்கொண்டு கால்வாய் வழியாகவே பட்டணம் போவார். காற்று இருந்தால் பாய், இல்லையென்றால் கரையில் நடந்து கயிற்றைத் தோளில் போட்டு இழுப்பது. போக மூன்று நாள், வர மூன்று நாள். பட்டணத்தை அவர் அம்பது முறை பார்த்திருப்பார், ஆனால் பாலத்துக்கு அடியிலிருந்துதான் பார்த்திருக்கிறார். தெரு ஒன்றும் தெரியாது. எந்தப் பாலத்தின் அடியில் வௌவால் தொங்கும், எந்தப் பாலத்தின் மேலிருந்து எச்சில் துப்புவார்கள் என்பது தெரியும்.

அந்த விறகு இறங்குகிற மண்டியில், தொட்டி என்பார்கள், கூலி வேலை செய்தவனுக்குத்தான் என் தங்கையைக் கொடுத்தோம். பெரிய ரயிலடிக்குப் பின்னால், கால்வாய்க் கரையிலேயே வீடு. பதினெட்டு வயதில் அவள் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு கூட்டி வர வேண்டும். தாய் ஏது? நான்தான் தாய்.

ஏழாம் மாதம் ஆள் விட்டேன். "ஒம்போதுல பாக்கலாம்" என்று தங்கையின் மாமியார், சம்பந்தியம்மாளிடமிருந்து பதில் வந்தது. ஒன்பது பிறந்து முக்கால் மாதம் போனபின் வந்த சேதி: வருகிற திங்கட்கிழமையோடு ஒன்பது முடிகிறது. பத்து பிறந்துவிட்டால் எங்கள் வழக்கத்தில் பெண் தண்ணீரைத் தாண்டக் கூடாது, அதற்குள் வந்து சீர் வைத்து அழைத்துப் போனால் போங்கள், இல்லாவிட்டால் பிரசவம் இங்கேதான். அந்தச் சேதியோடு தோணிக்காரர் ஒருவர் என் தங்கையின் வார்த்தையையும் கொண்டுவந்தார். "யக்கா, நெத்திலிக் கருவாடு வேணும். எப்படியாச்சும் வந்துடு." அவள் எதையும் கேட்கிறவள் இல்லை. அந்த "எப்படியாச்சும்" எனக்கு உறுத்தியது.

தோணியில் கூட்டி வர முடியாது. ஒன்பது மாத வயிற்றோடு மூன்று நாள் விறகின்மேல் யார் படுப்பது? ரயில்தான். வீட்டுக்காரருக்குத் தோணி முதலாளி நாள் கொடுக்கவில்லை. "நீயும் அம்மாவும் போங்கமே. பொம்பளைங்க போறதுதான முறை" என்றார். நானும் மாமியாரும் அதுவரை ரயிலை எட்ட நின்று பார்த்ததோடு சரி.

பேத்தி, நீ போனைப் பார்த்து நாள் குறித்தாய். நான் என் மாமியாரின் வாயைப் பார்த்து நாள் குறித்தேன். என் மாமியாருக்கு வெற்றிலைக்கு அடுத்தது பஞ்சாங்கம். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், பட்டணம் வடக்கே, போகக் கூடாது. வியாழன் தெற்கே சூலம், திரும்பக் கூடாது. வெள்ளிக்கிழமை எந்த வீட்டிலும் பெண்ணை வெளியே அனுப்ப மாட்டார்கள். சனி ஆகவே ஆகாது. மிச்சம் ஞாயிறும் திங்களும். ஞாயிற்றுக்கிழமை போய், நாலரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் சீர் வைத்து வளையல் அடுக்கி, திங்கட்கிழமை விடிந்ததும் ஏழரை ராகு காலத்துக்கு முன்னால் அவளோடு கிளம்பிவிட வேண்டும். அந்த ஒரே பொந்துக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும்.

வழி தெரிந்துகொள்ளச் செங்கல்பட்டுச் சந்தைக்குப் போனேன். அங்கே தினமும் பட்டணத்துக்கு ரயிலில் பூ கொண்டுபோகும் ஒருத்தி இருந்தாள். தாம்பரத்தில் கரி வண்டியை விட்டு இறங்கி மின்சார வண்டியில் ஏற வேண்டும், பார்க் என்கிற ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்றாள். பிறகு ஸ்டேஷன் பெயர்களைத் தாலாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு மனதில் நிற்கவில்லை. மடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து, ஒரு பெயருக்கு ஒரு முடிச்சாகப் போட்டேன்.

அது தோணிக்காரர்கள் செய்வது. கால்வாயில் அங்கங்கே தண்ணீரை அடைத்துத் திறக்கும் மதகு உண்டு, லாக்கு என்பார்கள். ஒரு நடைக்கு எத்தனை லாக்கோ அத்தனை முடிச்சு போட்ட கயிறு தோணியில் தொங்கும். தோணி ஒவ்வொரு லாக்கில் நிற்கும்போதும் ஒரு முடிச்சை அவிழ்ப்பார்கள். கயிறு வெறுமையானால் ஊர் வந்துவிட்டது. அரைத்தூக்கத்தில்கூடத் தப்பாது. எனக்கு அந்தக் கயிற்றின்மேல் அத்தனை நம்பிக்கை. வீட்டுக்காரரும் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். "எறங்கினதும் பெரிசா செவப்புக் கட்டடம் தெரியும். அதை ஒட்டித்தான் கால்வா. தண்ணி ஓரமாவே நடங்க, வூடு வந்துடும்."

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பஸ் ஏறினோம். என் பெரியவனைப் பக்கத்துக் குடிசையில் விட்டேன், அவனுக்கு அப்போது இரண்டு வயது. என் கையில் கண்ணாடி வளையலும் புடவையும் இருந்த கூடை, கருவாட்டு மூட்டை. மாமியார் கையில் வெற்றிலைப் பை. பஸ்ஸில் எனக்குப் பின்னால் ஒருவன் வாந்தி எடுத்தான், என் குதிகாலில் தெறித்தது. அதோடு ஆரம்பித்தது அன்றைய நாள்.

செங்கல்பட்டில் கரி வண்டி. ஏறியதும் கழிப்பறைக் கதவு திறந்தபடி ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே போனவர்கள் மனிதர்கள்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. தரையெல்லாம் கடலைத் தோல், எச்சில், மிதிபட்ட வாழைப்பழம். என் மாமியார் ஜன்னலுக்கு வெளியே வெற்றிலைச் சாற்றைத் துப்ப, காற்று அதைப் பின் ஜன்னலுக்குக் கொண்டுபோனது. பின்னாலிருந்து ஒரு ஆள் கத்தினான்.

"யாருய்யா அது, துப்பினது?"

"காத்த கேளு" என்றாள் மாமியார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

தாம்பரத்தில் மாறினோம். மின்சார வண்டியில் பெண்கள் பெட்டி. பட்டுப்புடவையும் பவுடருமாக நாலைந்து பேர். நாங்கள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஒருத்தி முந்தானையை மூக்கில் வைத்தாள். இன்னொருத்தி, "என்ன கண்றாவி நாத்தம் இது, யார் மூட்டை?" என்றாள். எல்லோரும் என் காலடியைப் பார்த்தார்கள்.

நான் சொன்ன வார்த்தை இத்தனை வருஷம் கழித்தும் என்னை விட்டுப் போகவில்லை. "தெரிலமா. யாரோ வெச்சிட்டுப் போயிட்டாங்க போல" என்றேன். சொல்லிவிட்டு, காலால் மூட்டையைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன். என் தங்கை வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் அது. நானே வலை ஓரத்தில் நின்று வாங்கி, நானே தலை கிள்ளி, நானே மணலில் காயவைத்தது. பட்டுப்புடவைக்காரிகளை நான் மன்னித்துவிட்டேன், அவர்களுக்கு மூக்கு அப்படி. என் காலை மன்னிக்கவில்லை.

மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் வாயில் வெற்றிலை இருந்தது, அதனால் பிழைத்தேன்.

வண்டி நிற்க நிற்க முடிச்சை அவிழ்த்துக்கொண்டே வந்தேன். நடுவில் ஓரிடத்தில் நின்றது. ஒரு பக்கம் தென்னந்தோப்பு, ஒரு பக்கம் சுவர். யாரும் ஏறவில்லை, இறங்கவில்லை. சின்ன ஊராக இருக்கும் என்று ஒரு முடிச்சை அவிழ்த்தேன். தோணி லாக்கில் மட்டும்தானே நிற்கும். சிக்னல் கைகாட்டி விழவில்லையென்றால் ரயில் வெறும் வெளியிலும் நிற்கும் என்று எங்கள் கால்வாய்க்கரையில் யாருக்குத் தெரியும்?

கடைசி முடிச்சு அவிழ்ந்தபோது வண்டி ஒரு பெரிய ஸ்டேஷனில் நின்றது. எட்டிப் பார்த்தேன். பெரிதாக, சிவப்பாக, கட்டடம்.

"எறங்கு அத்தே."

"போர்டுல இன்னா எழுதிக் கீதுன்னு படிடி மொதல்ல. பூக்காரி பார்க்குன்னுதான சொன்னா?"

"கட்டடம் செவப்பா கீது. கயிறும் தீந்துபோச்சி. இன்னும் இன்னா படிக்கணும்?"

நின்றுகொண்டிருந்த எழுத்து. நான் வாசித்திருக்கலாம். வாசிக்கவில்லை. அத்தனை கர்வம் எனக்கு. கூடையையும், பெஞ்சுக்கு அடியிலிருந்து மூட்டையையும் இழுத்துக்கொண்டு இறங்கினேன். அது எழும்பூர். அங்கேயும் கட்டடம் சிவப்பு. நாங்கள் இறங்க வேண்டிய பார்க் அடுத்த ஸ்டேஷன்.

வெளியே வந்து, தண்ணீர் எங்கே என்று கேட்டோம். ஒருவன் கையைக் காட்டினான். போனோம். தண்ணீர் இருந்தது. கறுப்பாக, மேலே ஏடு படிந்து, குமிழி விட்டுக்கொண்டு. செத்த நாய் ஒன்று வயிறு உப்பி மெதுவாகப் போனது. எங்கள் ஊர்க் கால்வாயில் நான் முகம் கழுவுவேன், பாத்திரம் துலக்குவேன். அந்தத் தண்ணீர்தான் பட்டணம் வந்ததும் இப்படி ஆகிவிட்டதா என்று கரையிலேயே நின்றுவிட்டேன். ஆனாலும் தண்ணீர் ஓரமாகவே நட என்றாரே என்று நடந்தோம். கரையெல்லாம் மலம். புடவையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இந்தக் கால் வைக்க இடம் தேடி, அந்தக் கால் வைக்க இடம் தேடி, வெகு தூரம் நடந்தோம். விறகுத் தொட்டியும் இல்லை, தோணியும் இல்லை.

கடைசியில் துணி துவைக்கிற ஒருத்தியிடம் கேட்டேன். அவள் கல்லில் அடிப்பதை நிறுத்திவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"கால்வாயா? இது கூவம்மா! நீங்க ஊருக்கு எதிர்ப்பக்கமா போய்கினு கீறீங்க. திரும்பி நடங்க, பெரிய ரயிலடி வரும், அதும் பக்கத்துல கீது உங்க கால்வா."

திரும்பி நடந்தோம். மாமியார் வழியில் போகிற எல்லோரிடமும், "நைனா, மணி இன்னா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பெரிய ரயிலடி எட்டத்தில் தெரிந்தபோது ஒருவன் நாலரை என்றான். அவ்வளவுதான். ஒரு மரத்தடியில் அப்படியே குந்திவிட்டாள்.

"எழுந்திரு அத்தே, வந்துட்டம்."

"ராகு காலத்துல சீர எடுத்துக்கினு ஒரு வூட்டுக்குள்ள பூந்தா அந்தப் பொண்ணுக்கு நல்லதாடி? ஆறு மணிக்கு எழுந்திருக்கிறேன். கம்முனு குந்து."

குந்தினேன். எங்கள் முன்னால் ஒருவன் சுவரோரம் மூத்திரம் பெய்தான், அவனுக்குப் பிறகு இன்னொருவன். ஒன்றரை மணி நேரம் இதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சூலமும் ராகுவும் பார்ப்பது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நானும் பார்க்கிறவள்தான். ஆனால் அன்றைக்கு அந்த மரத்தடியில் எனக்கு என்மேலேயே ஒரு வெறுப்பு வந்தது. ஒரே ஒரு முடிச்சு. அதனால் பகல் முழுதும் போயிற்று.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். சம்பந்தியம்மாள் வாசல்படியில் நின்று, கூடையை உள்ளே எடுக்க விடவில்லை.

"வெளக்கு வெச்சப்பறம் வர்ற சீர நாங்க வாங்கறதில்ல சம்மந்தியம்மா. வந்தது வந்துட்டீங்க, படுங்க. காலையில பாத்துக்கலாம்."

"காலையில ஏழரைக்கு ராகு காலம் பொறந்துடுமே" என்றாள் என் மாமியார்.

"அது முடிஞ்சி ஒம்போதுக்கு மேல பேசிக்கலாம். நாங்கல்லாம் ராகு காலத்துல வாசப்படியே தாண்ட மாட்டோம். எம்மாம் பெரிய காரியமா இருந்தாலும் சரி." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை. நான் அந்தப் பெருமையை அப்படியே ஞாபகத்தில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

என் தங்கை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். ஓடிவரவில்லை. "யக்கா" என்றாள், அவ்வளவுதான். தன் மாமியார் முன்னால் பேச அவளுக்குப் பயம். அவள் புருஷனும் இருந்தான். இருந்தான் என்பதைத் தவிர அவனைப் பற்றி அன்றைக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

விடிந்து எழுந்தபோது பாயில் தங்கை இல்லை. பின்பக்கம் போனேன். கால்வாயில் ஒரு தோணி நின்றது, கரைக்கும் தோணிக்கும் நடுவே ஒற்றைப் பலகை. அந்தப் பலகைமேல் என் தங்கை வந்துகொண்டிருந்தாள். தலையில் சவுக்கு விறகுக் கட்டு. ஒரு கையால் கட்டைப் பிடித்து, மறு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு. பலகை அவளுக்குக் கீழே வளைந்து வளைந்து நிமிர்ந்தது. கீழே அந்தக் கறுப்புத் தண்ணீர். தொட்டியில் கட்டைப் போட்டுவிட்டு, பழகிய கழுதை மாதிரி மறுபடி பலகைக்குத் திரும்பினாள்.

நான் ஓடிப் போய் அவள் கையைப் பிடித்தேன். உள்ளங்கை முழுதும் விறகுச் சிலாம்பு குத்தியிருந்தது.

"எத்தினி நாளாடி?"

"வந்ததுலேர்ந்துதான்கா. தோணி எறக்கற குத்தகை இவங்களுது. நான் போயிட்டா சொமக்க ஆளு வெக்கணும். அதான் அனுப்ப மாட்டேங்குறாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "மாமா சொல்லலியா? அவரு தோணி வர்றப்பவும் நான்தான எறக்குவேன்" என்றாள்.

மாமா என்றது என் வீட்டுக்காரரை.

அவர் பார்த்திருக்கிறார். அவர் ஏற்றிவந்த விறகை என் தங்கை வயிற்றோடு சுமந்து இறக்குவதைத் தோணியில் நின்றபடி பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு மூன்று நாள் பயணம் செய்து வந்து, என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். "நல்லா கீறா" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். பஸ் வாந்தி, ரயில் கழிப்பறை, கூவத்து நாய் எல்லாம் அந்த நிமிஷத்தில் எனக்குச் சந்தனமாகிவிட்டது.

தங்கையை உள்ளே கூட்டிப்போய் அவள் துணிகளை ஒரு புடவையில் மூட்டை கட்டினேன். பக்கத்து ஆலையில் ஏழரைச் சங்கு ஊதியது. ராகு காலம். கூடையையும் கருவாட்டு மூட்டையையும் தூக்கினேன்.

"இன்னாடி பண்ற?" என்று சம்பந்தியம்மாள் நடுவீட்டிலிருந்து எழுந்தாள்.

"எங்க வூட்டுப் பொண்ண கூட்டினு போறேன்."

"இப்பவா? ராகு காலம்டி! வயித்துப் புள்ளத்தாச்சிய..."

"ஆமா. அதான் இப்ப போறேன். நீ தாண்ட மாட்டியே."

நான் பயந்தது என் மாமியாருக்கு. நேற்று மரத்தடியில் ஒன்றரை மணி நேரம் என்னை உட்கார வைத்தவள். அவள் பின்வாசலிலிருந்து அப்போதுதான் வந்தாள். அவளும் பலகையைப் பார்த்திருக்க வேண்டும். சம்பந்தியம்மாளையும் வாசல்படியையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயில் இருந்ததை அந்த வீட்டு முற்றத்திலேயே, சுத்தமாகப் பெருக்கிக் கோலம் போட்டிருந்த இடத்திலேயே, துப்பினாள்.

"ராகுவ நான் பாத்துக்கறேன். நடங்கடி" என்று சொல்லி, எல்லோருக்கும் முன்னால் அவளே படியைத் தாண்டினாள்.

சம்பந்தியம்மாள் படிவரை வந்தாள். மகனைப் பார்த்துக் கத்தினாள், அவனும் படிவரை வந்தான். இரண்டு பேரும் படிக்கு உள்ளேயே நின்று எங்களைத் திட்டினார்கள். அவர்களுடைய வழக்கம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. நான் திரும்பிப் பார்த்துச் சிரித்ததாக என் தங்கை பிற்காலத்தில் சொல்வாள். நான் சிரிக்கவில்லை. எனக்குத் துப்ப வேண்டும்போல் இருந்தது, ஆனால் மாமியார் ஏற்கெனவே துப்பிவிட்டாள்.

வழியில் கயிற்றைக் கால்வாயில் எறிந்தேன். என் தங்கை ஐந்தாவது வரை படித்தவள், படிக்க வைத்தவள் நான். அவள் போர்டுகளை வாசித்தாள். வண்டி நடுவழியில் நின்றபோது, "இது ஸ்டேஷன் இல்லக்கா, கைகாட்டி" என்றாள்.

பெண்கள் பெட்டியில் உட்கார்ந்ததும் கருவாட்டு மூட்டையைப் பெஞ்சுக்கு அடியில் வைக்காமல் என் மடியில் வைத்து அவிழ்த்தேன். முன்தினம் ராத்திரி சம்பந்தியம்மாள் கொடுத்த பழைய சோற்றை நான் தின்னாமல் இலையில் கட்டி வைத்திருந்தேன். அந்த வீட்டுப் பின்னடுப்பில் நாலு நெத்திலியைச் சுட்டும் வைத்திருந்தேன். தங்கை தலையைக் குனிந்துகொண்டு தின்றாள். பெட்டி முழுதும் நாறியது. எதிரே இருந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை முறைத்தாள். "என்னோடதுதாம்மா. நெத்திலி" என்றேன். கேட்காமலே சொன்னேன்.

பிறகு வளையல் கூடையைத் திறந்தேன். வளையல் அடுக்க நாலு சுமங்கலிகள் வேண்டும், நாங்கள் இருந்ததோ நானும் ஒரு விதவை மாமியாரும். மாமியார் எதிரே இருந்த அம்மாளிடம் ஒரு ஜோடியை நீட்டினாள்.

"பூவும் பொட்டுமா கீற. புள்ளத்தாச்சிக்கு ஒரு வளையல் போட்டு வுட்டுட்டு அப்பால மூக்கப் பொத்திக்கோ."

அந்த அம்மாளுக்கு மறுக்க வழியில்லை. ஒரு கையால் மூக்கைப் பிடித்தபடி மறு கையால் எப்படி வளையல் போடுவது? மூக்கை விட்டாள். சிலாம்பு ஏறிய அந்தக் கையைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் மூக்கை மறந்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். தாம்பரம் வருவதற்குள் கை நிறைந்தது.

வீட்டுக்காரர் நாலு நாள் கழித்துத் தோணியில் வந்தார். தங்கையைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது. நான் சோறு போடவில்லை.

"தெரியுமா உனக்கு?" என்று கேட்டேன். அதுவரை அவரை நான் நீ என்று சொன்னதில்லை.

தோளில் இருந்த கயிற்றை இறக்கி வைத்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லி இன்னா ஆவப் போவுதுமே? அவங்க வூட்டுப் பொண்ணு. நீ பேஜார் பண்ணுவ. தொட்டிக்காரன் எங்க வெறக எடுக்க மாட்டான்."

அவ்வளவுதான் காரணம். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். என்னை அடித்ததில்லை, குடித்ததில்லை, பிள்ளைகளைத் தோளில் போட்டு வளர்த்தார். அதற்குப் பிறகு ஐந்து பிள்ளைகள் பெற்றேன். அவர் செத்தபோது அழுதேன். ஆனால் அவர் கை கழுவிவிட்டு இலைமுன் உட்காரும்போதெல்லாம் அந்தப் பலகை என் கண்முன் ஒருமுறை வளைந்து நிமிரும். சோற்றைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் போடுவேன். ஏன் என்று அவர் கேட்டதே இல்லை. தெரிந்துதான் இருக்கும்.

வந்த பன்னிரண்டாம் நாள் என் குடிசையில் என் தங்கைக்குப் பெண் பிறந்தது. ராகு காலத்தில் படி தாண்டியதால் அவளுக்கு ஒரு குறையும் வரவில்லை, கொஞ்சம் வாய் மட்டும் அதிகம். மூன்றாம் மாதம் தங்கை புருஷன் ஒரு தோணியில் வந்து இறங்கினான். தாய் வீட்டுப் படியை ஒருநாள் எப்படியோ தாண்டிவிட்டான்போல. திரும்பிப் போகவில்லை, எங்கள் கரையிலேயே தோணி இழுத்தான்.

அந்தப் பெண்ணின் பெண்தான் இந்தப் பேத்தி. ஜப்பான்காரர்கள் ரயிலில் கருவாடு தின்பார்களா என்று கேட்டேன். "தின்ன மாட்டாங்க ஆயா, மத்தவங்களுக்கு வாடை வரக் கூடாதுன்னு பாப்பாங்க. நான் மட்டும் எடுத்துனு போவேனா?" என்றாள். எடுத்துப் போகாதே. ஆனால் யாராவது மடியில் வைத்திருந்தால் மூக்கைப் பொத்தாதே.

போன் சொல்லட்டும், நீயும் ஒருமுறை போர்டை வாசி. நிற்கிற எழுத்துத்தானே.

எழுதி முடித்துவிட்டேன். இந்தாடி, உன் கண்ணாடியைப் போட்டுக்கொள். என் கையெழுத்துக் கொஞ்சம் கோணலாக இருக்கும். முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படி, நான் கேட்கிறேன். அந்தப் பலகை வருகிற இடத்தையும் விடாமல் படி. நடுவுல எங்கயும் நிக்காத.